கல்லடி விறாந்தையில் மஞ்சளான அந்தூரியங்கள்: சவர்நீரும் பற்றீரியா வெளிறலும் ஒன்றாக வந்த ஒரு நிகழ்வு

மட்டக்களப்பு நகரிலிருந்து பாலத்தைக் கடந்து கல்லடிப் பக்கம் இறங்கினால், வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் இந்த நிகழ்வுக்குரிய வீடு இருக்கிறது. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர் தமது வடக்குப் பார்த்த விறாந்தையில் 14 அந்தூரியச் சாடிகளை வைத்து வளர்த்து வந்தார். அவற்றுள் 11 சாடிகள் நான்கைந்து வருடங்களாக அவரிடமே இருந்தவை. மீதி மூன்றும் சென்ற ஜூன் மாதத்தில் ஈரவலயத்து நாற்றுமேடை ஒன்றிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தவை. ஜூலை நடுப்பகுதியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஓகஸ்ட் மாதம் பிறந்ததும் அவர் என்னை அழைத்தார். விவசாயப் போதனாசிரியராக நான் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவரை எனக்குத் தெரியும்.

"தம்பி, உரம் போடப் போட மஞ்சள் கூடுது. என்ன குறையெண்டு விளங்கேல்ல" என்றார். "குறை இல்லாமலும் இருக்கலாம் ரீச்சர், கூடிப்போனதாகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் சாடிகளைப் பார்க்கப் போனேன். அந்த வார்த்தையில் பாதி சரியாக இருந்தது. மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு மேலும் மூன்று வாரங்கள் பிடித்தன. அந்த மூன்று வாரத் தாமதத்தின் விலை என்னவென்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூவுக்காக வீடுகளில் வளர்க்கப்படும் இந்த அந்தூரியத்தின் சொந்த இடம் கொலம்பியாவும் ஈக்குவடோரும். அங்கே அது மலைச்சரிவுக் காடுகளில், மரங்களின் நிழலில், உக்கிய இலைகளுக்கும் பாசிக்கும் இடையே வேர்களைப் பாதி காற்றில் விட்டபடி வளர்கிறது. அதன் வேருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மழைநீரே. அதாவது, உப்பு ஏறத்தாழ இல்லாத தண்ணீர். தடித்த வெண்ணிற வேர்கள் ஈரத்தையும் காற்றையும் ஒருசேரக் கேட்கும். சேற்றில் மூச்சடைத்துப் போகும். உப்பில் நுனி கருகும். இலங்கையில் இச்செடியை வியாபாரமாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஈரவலயத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே. எங்கள் பக்கமோ வடகீழ்ப் பருவத்து மாரியை நம்பியிருக்கும் உலர்வலயம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மலைநாட்டைத் தாண்டி ஈரத்தை இழந்து இறங்கும் கச்சான் காற்று, வெயிலைவிட மோசமாக இலையை உலர்த்தும். அந்தக் காற்று வீசுகின்ற மாதங்களில் அந்தூரியம் வழமையைவிட அதிகமாகத் தண்ணீரை இழுக்கும். தண்ணீரோடு அதில் கரைந்திருக்கும் அனைத்தும் சாடிக்குள் வந்து சேரும்.

முதல் நாள் நான் கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். 14 சாடிகளிலும் ஏதோ ஓர் அளவில் மஞ்சள் இருந்தது. முதிர்ந்த இலைகளில் அது அதிகம், இளம் இலைகளில் குறைவு. அடியிலுள்ள ஓர் இலை மட்டும் முழுவதும் மஞ்சளாகி வாடினால் அது வயதின் வேலை. அந்தூரியம் வருடத்துக்கு ஏழெட்டு இலைகளை விடும், பழையதை உதிர்க்கும். அதில் நோய் தேட வேண்டியதில்லை. இங்கே காணப்பட்டது அவ்வாறானதன்று. இலை நுனி கபில நிறமாகக் காய்ந்து, அந்தக் காய்ச்சல் இரு விளிம்புகளிலும் ஏறத்தாழச் சமமாக ஏறி, காய்ந்த பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே ஒரு விரல் அகலத்தில் மஞ்சள் பட்டை இருந்தது. நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறி நரம்புகள் பச்சையாக நிற்பதுதான் மகனீசியக் குறைபாட்டின் அடையாளம். அது எங்கும் இல்லை. இருந்தபோதிலும், யாரோ சொன்னதைக் கேட்டு ஆசிரியை ஜூலையில் இரண்டு முறை எப்சம் உப்பு, அதாவது மகனீசியம் சல்பேற்று, கரைத்து ஊற்றியிருந்தார்; அதற்குப் பிறகும் மஞ்சள் நிற்காததால் யூரியாவும் கொடுத்திருந்தார்.

சாடியில் மண் இல்லை. தேங்காய்ப் பொச்சுத் துண்டு, தும்புத் தூள், கரி, உடைந்த ஓடு ஆகியவற்றின் கலவை. அந்தூரியத்துக்கு அது நல்ல கலவைதான். ஆனால் பொச்சுத் துண்டுகளின் மேல் வெண்மையான பொருக்குப் படிந்திருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டேன். கயிறு திரிப்பவர்கள் வாவிக்கரையில் ஊறப்போட்டு எடுத்த பொச்சில் மிஞ்சியது என்றார். வாவி நீர் உவர்நீர். அதில் ஊறிய பொச்சு, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவப்படாவிட்டால், உப்பைத் தன்னுள் வைத்துக்கொண்டே சாடிக்கு வரும். வாவியைக் காணாத பொச்சிலும்கூட பொட்டாசியம், சோடியம், குளோரைட்டு இயற்கையாகவே உண்டு. ஆகவே தும்புத் தூள் எங்கிருந்து வந்தாலும் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது தண்ணீர். வீட்டில் குழாய் நீர் இருந்தும், குளோரின் செடிக்குக் கூடாது என்ற எண்ணத்தில் அவர் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்தார். அந்த எண்ணம் தவறென்று சொல்ல முடியாது, ஆனால் இவ்விடத்தில் அது பெரிய தீங்கை விட்டுச் சிறிய தீங்கைப் பார்த்த கணக்கு. கடற்கரை மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. மாரியில் அது தடிக்கும், கோடையில் மெலியும். ஓகஸ்டில் அதே கிணறு, ஜனவரியில் குடித்த கிணறு அல்ல. என் கையிலிருந்த மின்கடத்துதிறன் மானியால் அளந்தபோது கிணற்று நீர் சென்ரிமீற்றருக்கு 2.1 மில்லிசீமன்ஸ் காட்டியது; கரைந்த உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். குழாய் நீர் 0.2. சாடிக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு 100 மில்லிலீற்றர் மழைநீரை மெதுவாக ஊற்றி அடித்துளையால் வடிந்ததைப் பிடித்து அளந்தேன். அந்தூரியத்துக்கு 1-ஐ ஒட்டி இருந்தால் போதுமான அந்த அளவீடு, நான்கு சாடிகளில் 4-ஐத் தாண்டியிருந்தது. கிணற்றில் இருந்ததைப் போல் இருமடங்கு உப்பு சாடிக்குள் எப்படி வந்தது என்று ஆசிரியை கேட்டார். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அடித்துளையால் தண்ணீர் வடிகின்ற அளவுக்கு ஊற்றாமல் "நனைந்தால் போதும்" என்று தினமும் ஒரு குவளை ஊற்றினால், உள்ளே வந்த உப்பு வெளியே போக வழியில்லாமல் நாளுக்கு நாள் சேரும்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பானதும், இறைத்து இறைத்துச் சுத்தப்படுத்தப் போய்ச் சில இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலே ஏறியதும், கடைசியில் மாரி மழையே அந்த உப்பைக் கீழே அழுத்திக் கழுவியதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சாடிக்குள்ளும் அதே நியாயந்தான் என்றேன்: உப்பை மேலிருந்து வருகின்ற நல்ல தண்ணீர் கீழே தள்ளி வெளியேற்ற வேண்டும், வேறு மருந்து இல்லை.

வேர்களையும் பார்த்தேன். இரண்டு சாடிகளைக் கவிழ்த்தபோது வேர் நுனிகள் கபிலமாகக் காய்ந்திருந்தன, ஆனால் நடுப்பகுதி உறுதியாக இருந்தது. வேரழுகலாக இருந்தால் வேரின் வெளித்தோல் விரலில் பிடித்து இழுத்ததும் உறைபோல் கழன்று, உள்ளே நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். அழுகல் மணமும் வரும். இரண்டும் இல்லை. இலையின் கீழ்ப்புறத்தில் வெண்மூட்டுப்பூச்சியும் இல்லை.

ஆகவே உப்பு என்று தீர்மானித்தேன். எல்லாச் சாடிகளுக்கும் எப்சம் உப்பையும் யூரியாவையும் நிறுத்தி, சாடியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு குழாய் நீரை ஊற்றிக் கழுவி, வாரம் ஒருமுறை அதையே திரும்பவும் செய்யும்படி சொன்னேன். முதல் கழுவலை அன்றே செய்தோம். சாடிகளைச் சீமெந்து முற்றத்தில் நெருக்கமாக அடுக்கி, இறப்பர் குழாயைப் பிடித்து, இலைகளில் படிந்திருந்த தூசும் போகட்டும் என்று மேலிருந்தே பீய்ச்சினேன். ஜூனில் வந்த மூன்று சாடிகளில் சில இலைகளின் விளிம்பையொட்டிக் கரும்புள்ளிகள் இருந்ததையும் கண்டேன். பயணத்தில் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த இலைகளைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. இந்த முழு நிகழ்விலும் நடந்த பிழை அதுதான், அது என்னுடையது.

மூன்று வாரங்களின் பின் போனபோது விறாந்தை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்பது சாடிகளில் பழைய காய்ச்சல் அப்படியே நின்று, மேலும் பரவாமல், புதிதாக விரிந்த இலைகள் விளிம்பு வரை பச்சையாக இருந்தன. உப்பைப் பற்றிய தீர்மானம் சரி என்பதற்கு அதுவே சான்று. காய்ந்த பகுதி திரும்பப் பச்சையாகாது, ஆகவே சுகமாகிறதா என்பதைப் பழைய இலையில் தேடாமல் புதிய இலையில்தான் பார்க்க வேண்டும். மற்ற ஐந்து சாடிகள் மோசமாகியிருந்தன. ஜூனில் வந்த மூன்றும், கழுவிய அன்று அவற்றுக்கு அருகே அடுக்கியிருந்த இரண்டு பழைய சாடிகளும். அந்த ஐந்து எவை என்று புரிந்த கணத்திலேயே என்ன நடந்தது என்பதும் புரிந்துவிட்டது.

இந்த மஞ்சளின் முகம் வேறு. உப்பின் மஞ்சள் நுனியில் தொடங்கி இருபுறமும் சமமாக ஏறியது. இது இலையின் ஒரு பக்க விளிம்பில், நரம்புகளால் மறிக்கப்பட்டதுபோல் கோணல் கோணலான திட்டுகளாக இருந்தது. உப்பில் காய்ந்த பகுதி கடதாசிபோல் உலர்ந்து நொறுங்கியது. இங்கே திட்டின் ஓரம், எண்ணெய் பட்ட தாள்போல் ஈரம் ஊறிய கரும்பச்சையாகவும், அதைச் சுற்றிப் பளிச்சென்ற மஞ்சள் வளையமாகவும் இருந்தது. கீழ்ப்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், மேலிருந்து தெரியாத சிறு புள்ளிகள்கூட ஊறிய தோற்றத்தில் தெரிந்தன. எல்லாவற்றையும்விட, ஒரு சாடியில் வெளிப்பார்வைக்குப் பச்சையாகவே நின்ற ஓர் இலையை நான் தொட்டதும் அதன் காம்பு அடியிலிருந்து கழன்று கையில் வந்தது. தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது உள்ளே நீர்க்குழாய்கள் கபிலப் புள்ளிகளாகத் தெரிந்தன. நோய் இலையோடு நிற்கவில்லை, தண்டுக்குள் இறங்கிவிட்டது.

ஆசிரியை தாம் முன்பு படிப்பித்த பாடசாலையில் கேட்டு, நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார். திட்டின் ஓரத்திலிருந்து, பச்சையும் ஊறிய பகுதியும் சேருமிடத்தில், அரிசி அளவு துண்டை வெட்டித் துளி நீரில் வைத்துப் பார்த்தோம். வெட்டு வாயிலிருந்து புகைபோன்ற ஒரு கலங்கல் நீரினுள் தொடர்ச்சியாக வழிந்து வந்தது. பூஞ்சணத்தில் அவ்வாறு வராது. அது பற்றீரியாக்களின் பெருந்திரள். அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தபோது சாந்தோமோனாஸ் இனப் பற்றீரியாவால் வரும் வெளிறல் நோய் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நாற்பது வருடங்களாகப் பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலைக் காட்டிய கருவியில் தமது சொந்தச் செடியின் நோயைப் பார்த்த ஆசிரியை வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

இந்த நோயின் போக்கை அறிந்தால்தான் எங்கள் வைத்தியம் ஏன் பரப்பும் வேலையாக மாறியது என்பது விளங்கும். அந்தூரியத்தின் இலை விளிம்பில் நுண்ணிய நீர்த்துளைகள் உண்டு. ஈரலிப்பான இரவுகளில் வேர் தள்ளுகின்ற மேலதிக நீர் அத்துளைகளால் துளித்துளியாகக் கசிந்து விடியற்காலையில் விளிம்பில் தொங்கும். பற்றீரியா உள்ளே போகும் வாசல் அதுவே. நோய் விளிம்பையொட்டித் தொடங்குவதற்கும் அதுவே காரணம். காயங்கள் மற்ற வாசல். ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போக அதற்குத் தேவை தெறிக்கும் நீர், ஈரமான கை, துடைக்காத கத்தி ஆகியவைதான். இவற்றுள் தெறிக்கும் நீரை நான் குழாயால் தாராளமாகக் கொடுத்தேன். யூரியா அதற்கும் முன்பே வழியைத் திறந்திருந்தது: அமோனியம் தரும் உரங்கள் அதிகமானால் கசியும் நீரில் அமினோ அமிலங்கள் கூடி, பற்றீரியாவுக்கு அந்தத் துளியே உணவாகிவிடும். மேலும், நோய் தொற்றிய செடி மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் நிற்கக்கூடும். ஜூனில் அவை வந்து இறங்கியபோது நாற்றுமேடைக்காரருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஹவாயில் இந்த நோய் செய்த அழிவு அந்தூரியம் வளர்ப்பவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. அங்கே 1970-களின் தொடக்கத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, 1980-களில் பண்ணைக்குப் பண்ணை பரவியபோது, பத்தாண்டுக்குள் பூ உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பல சிறு பண்ணைகள் மூடப்பட்டன. மீண்டு வந்தவர்கள் மருந்தால் மீளவில்லை. நோயுற்ற செடிகளை விடாமல் அப்புறப்படுத்தியும், கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கிருமி நீக்கியும், இழைய வளர்ப்பில் பெற்ற சுத்தமான கன்றுகளையும் எதிர்ப்புள்ள இனங்களையும் நட்டுமே மீண்டார்கள்.

ஆகவே ஐந்து சாடிகளையும் அப்புறப்படுத்தும்படி சொன்னேன். அவற்றுள் ஒன்று ஆசிரியையின் காலஞ்சென்ற தமக்கை கொடுத்தது. இலையை மட்டும் வெட்டிவிட்டுப் பார்க்க முடியாதா என்று அவர் கேட்டார். இலையில் மட்டும் நிற்கும் ஆரம்ப நிலையில், திட்டுள்ள இலைகளை உலர்ந்த நேரத்தில் வெட்டி எடுத்துக் காப்பாற்ற முயல்வது உண்டு. அந்தச் சாடியின் தண்டைக் கீறி அவருக்கே காட்டினேன். கபிலப் புள்ளிகள் இருந்தன. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. செடிகளை இருந்த இடத்திலேயே பொலித்தீன் பைகளால் மூடிக் கட்டி, கலவையோடு சேர்த்து வெளியேற்றினோம். பசளைக் குழியில் போடவில்லை. சாடிகளைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு குளோரின் வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டு வெயிலில் காயவைத்தோம். முற்றத்துச் சீமெந்தையும் அதே கரைசலால் கழுவினோம்.

செப்பு மருந்து அடிக்கலாமா என்று அயலவர் ஒருவர் கேட்டார். அடிக்க வேண்டாம் என்றேன். செப்பு அந்தூரியத்தின் இலையையே சுடக்கூடியது. தண்டுக்குள் போன பற்றீரியாவை அது எட்டாது. விறாந்தையின் மறுமூலையில் இருந்த டிபன்பாக்கியாவையும் சிங்கோனியத்தையும்தான் நான் கவனிக்கச் சொன்னேன். இவையும் அந்தூரியத்தின் குடும்பமே, இதே பற்றீரியாவுக்கு இடங்கொடுக்கக் கூடியவை. அவற்றை வீட்டின் பின்புறத்துக்கு மாற்றினோம்.

மீதி ஒன்பது சாடிகளுக்கு உப்புக் கழுவலைத் தொடர வேண்டியிருந்தது, ஆனால் வேறு முறையில். சாடிகளுக்கு இடையில் இரண்டு சாண் இடைவெளி. வாய் ஒடுங்கிய குவளையால் கலவையின் மேல் மட்டும் தண்ணீர், இலையில் ஒரு துளியும் படாமல். காலை எட்டு மணிக்கு மேல், விளிம்புத் துளிகள் காய்ந்த பின்னரே கை வைப்பது. பூவோ இலையோ வெட்டினால் ஒவ்வொரு சாடிக்கும் முன் கத்தியை 70 சதவீத அற்ககோலில் துடைப்பது. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் கலவையையும் மாற்றினோம். புதிய பொச்சுத் துண்டுகளை மழைநீரில் மூன்று நாட்கள், தினமும் நீரை மாற்றி ஊறவைத்து, கடைசி நீரின் அளவீடு 0.5-க்குக் கீழே இறங்கிய பிறகே சாடியில் இட்டோம். உரத்தைப் பொறுத்தவரை, அல்பேட் என்ற கலப்பு உரக் கரைசலை அட்டையில் சொல்லப்பட்ட செறிவில் கால் பங்காக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மட்டும்.

நிரந்தரமான தீர்வு கூரையிலிருந்து வந்தது. ஒன்பது சாடிகளுக்குச் சாடிக்கு 300 மில்லிலீற்றராக நாளொன்றுக்கு மூன்று லீற்றருக்கும் குறைவான தண்ணீரே போதும்; மழை குறைந்த எட்டு மாதங்களுக்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 650 லீற்றர். பத்துச் சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர் கிடைக்கும். அவ்வளவு மழை எங்கள் மாரியில் சில நாட்களிலேயே பெய்துவிடும். விறாந்தைக் கூரையின் பீலியிலிருந்து 1,000 லீற்றர் தாங்கி ஒன்றுக்குக் குழாய் இழுத்தார். முதல் மழையை வெளியே விட்டு, கூரைத் தூசு போன பிறகே தாங்கிக்குத் திருப்பினார். தாங்கியின் வாயை நெருக்கமான வலையால் இறுகக் கட்டும்படி வற்புறுத்தினேன். டெங்கு நுளம்பு எங்கள் ஊரில் மாரியோடு சேர்ந்தே வரும் ஆபத்து, செடிக்காக அதை வளர்க்க முடியாது. நாவற்குடாவில் இருக்கும் அவருடைய மகள் வீட்டிலும் இப்போது இதே ஏற்பாடு.

ஜனவரி கடைசியில் ஒன்பது சாடிகளையும் திரும்ப அளந்தேன். வடிநீர் 0.8-க்கும் 1.1-க்கும் இடையில் இருந்தது. புது வேர்கள் பொச்சுக்கு வெளியே வெள்ளையாக எட்டிப் பார்த்தன. ஏப்ரல் வரை ஒவ்வொரு மாதமும் எல்லா இலைகளையும் கீழ்ப்புறம் திருப்பிப் பார்த்தோம். ஊறிய புள்ளி ஒன்றும் இல்லை. மார்ச்சில் ஒரு சாடியில் அடி இலை ஒன்று மஞ்சளானபோது ஆசிரியை அன்று இரவே தொலைபேசியில் அழைத்தார். விளிம்பு சுத்தம், வளையம் இல்லை, காம்பு உறுதி, மேலே புதிய இலையும் மொட்டும் வந்திருக்கின்றன என்பதை அவரே வரிசையாகச் சொல்லிவிட்டு, "அப்ப இது வயசுதானே தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

மே மாதத்தில் அவருக்கு மாணவர் ஒருவர் வெள்ளைப் பூ அந்தூரியக் கன்று ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அது விறாந்தைக்கு வரவில்லை. கிணற்றடிக்கு அப்பால், தென்னை ஓலை வேய்ந்த சிறு நிழலில், தனக்கென்று ஒரு குவளையும் ஒரு கத்தியும் வைத்துத் தனியே நிற்கிறது. மற்றச் சாடிகளைப் பார்த்து முடித்த பிறகுதான் அதற்கு அருகே போவார். போய்வந்ததும் கை கழுவுவார். அடுத்த மாரி முடியும் வரை அது அங்கேயே இருக்க வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.